ஊராட்சி ரோடு பற்றி ஆர்.டி.ஐ. போட்டால் 'இது தகவல் ஆகாது' என்கிறார்கள். இனி என்ன செய்வது?

கேட்கப்பட்டது இது: எங்கள் ஊராட்சியில் போட்ட சிமென்ட் ரோடு ஆறே மாதத்தில் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ரோடு ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது, மொத்தம் எவ்வளவு செலவானது, மேற்பார்வை பார்த்தது யார், தரமில்லாத வேலைக்கு ஏன் பில் பாஸ் செய்தீர்கள் என்று நான்கு கேள்வி. 'தாங்கள் கோரியவை வினா வடிவில் உள்ளதால் தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. இதோடு விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். உங்களுக்கு வந்த பதிலில் பாதி சரி, பாதி தப்பு. எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்த்தால் அடுத்து செய்ய வேண்டியது தானாகத் தெரியும்.

சட்டம் 'தகவல்' என்று எதைச் சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எஃப்) பதிவேடு, ஆவணம், கோப்பு, மின்னஞ்சல், சுற்றறிக்கை, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி என்று வரிசையாகச் சொல்லும். எல்லாமே அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவத்தில் இருப்பவை. அதிகாரி உட்கார்ந்து யோசித்து உங்களுக்காகப் புதிதாக ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008இல் சொன்னது. 2011இல் விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே வழியில் போனது. மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்று பெரிய கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு அது. அதே தீர்ப்பில், இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இல்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

அதனால் உங்களுடைய முதல் கேள்வியும் நான்காவது கேள்வியும் நிற்காது. ஆனால் எவ்வளவு செலவு, யார் மேற்பார்வை என்ற இரண்டும் கேள்விக்குறியோடு முடிந்தாலும் அவை பதிவேட்டில் இருக்கும் விவரங்கள். ரூபாய்க் கணக்கு கேஷ் புக்கில் இருக்கிறது, அதிகாரியின் கையெழுத்து பில்லில் இருக்கிறது. வாக்கியம் கேள்வியாக இருக்கிறது என்பதற்காகத் தகவலை மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. மறுப்பதற்கான காரணங்கள் பிரிவு 8, 9 இரண்டிலும் எழுதப்பட்டிருக்கின்றன. 'வினா வடிவம்' என்பது அதில் எங்கேயும் கிடையாது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு வேலை, இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். ஒன்று, மறுத்த இரண்டு விவரங்களுக்காக முதல் மேல்முறையீடு. இன்னொன்று, புதிதாக ஒரு மனு. இந்தப் புது மனுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படப் போவது, அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

நான் பல வருடமாக ஊர்க்காரர்களுக்கு இந்த மனுக்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: கேள்வி கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். ரோடு ஏன் பெயர்ந்தது என்று அதிகாரி உங்களுக்கு ஒருநாளும் எழுதித் தரப் போவதில்லை. ஆனால் அந்த ரோட்டுக்கு அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் அதைச் சொல்லிவிடும்.

அதிலும் முக்கியமான காகிதம் எம்.புக், அதாவது அளவுப் புத்தகம். வேலை முடிந்ததும் நேரில் அளந்து நீளம், அகலம், கனம் என்று எழுதுவார்கள். மேலே உள்ள பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அந்த அளவை வைத்துத்தான் பில் போடப்படும், பணம் போகும்.

சில வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் ரோடு ஒன்றுக்காக நாங்கள் நான்கு பேர் ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து எம்.புக்கைப் புரட்டினோம். நீல மசியில் 120 மீட்டர், 3 மீட்டர், 0.15 மீட்டர் என்று எழுதியிருந்தது. அதாவது 54 கன மீட்டர் கான்கிரீட். குறித்துக்கொண்டு நேரே ரோட்டுக்குப் போனோம். ஒரு வீட்டுக்குக் குடிநீர் இணைப்புக்காக ரோட்டை வெட்டியிருந்தார்கள், பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. வெட்டுமுகம் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. எங்களோடு வந்த கொத்தனார் குனிந்து டேப்பை வைத்தார். 10 சென்டிமீட்டர். இன்னும் இரண்டு இடத்தில் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தோம், அங்கேயும் அதற்கு மேல் இல்லை. அப்படியென்றால் உள்ளே போனது 36 கன மீட்டர். 18 கன மீட்டர், மூன்றில் ஒரு பங்கு, காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்தக் கொத்தனார் ஐந்தாவது வரை படித்தவர். ரோடு ஏன் பெயர்ந்தது என்பதற்கு எந்த அதிகாரியின் விளக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே புது மனுவை இப்படி எழுதுங்கள்:

"தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ், (ஊராட்சி பெயர், தெருப் பெயர், ஆண்டு) சிமென்ட் கான்கிரீட் சாலைப் பணி தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்கவும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகள். மதிப்பீடு. ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி உத்தரவு, ஒப்பந்தம். அளவுப் புத்தகத்தில் இப்பணி தொடர்பான எல்லாப் பக்கங்களும். பில்கள், வவுச்சர்கள். தரப் பரிசோதனை அறிக்கை. பணி நிறைவுச் சான்று. அளவு எடுத்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் பெயர், பதவி. மேலும் பிரிவு 2(ஜே)இன்படி இக்கோப்பை நேரில் பார்வையிடவும், சாலைப் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் நாள், நேரம் குறித்துத் தெரிவிக்கவும்."

இந்தக் கடைசி வரியை யாரும் போடுவதில்லை, எனக்கு அதில் தீராத வருத்தம். பிரிவு 2(ஜே) கோப்பைப் பார்ப்பது, குறிப்பெடுப்பது, வேலை நடந்த இடத்தைப் பார்ப்பது, பொருளின் மாதிரி எடுப்பது எல்லாவற்றையும் உரிமையாகச் சொல்கிறது. தபாலில் நகல் கேட்டால் அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவதுதான் உங்களுக்குக் கிடைக்கும். நேரில் பார்த்தால் கோப்பு முழுவதும் உங்கள் முன்னால் இருக்கும். குறிப்புப் பக்கங்களைக் கவனமாகப் படியுங்கள். கீழே இருக்கும் ஊழியர் 'தரம் குறைவு, மறு ஆய்வு தேவை' என்று எழுதியிருக்கலாம், மேலே இருப்பவர் அதைத் தாண்டி 'பணம் வழங்கலாம்' என்று எழுதியிருக்கலாம். நீங்கள் கேட்ட 'ஏன் பில் பாஸ் செய்தீர்கள்' என்பதற்கான பதில் அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும். தமிழ்நாட்டு விதிப்படி முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு சிறிய கட்டணம் உண்டு. கூட ஓர் ஆளை அழைத்துப் போங்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத வசதியாக இருக்கும்.

ஒப்பந்த நகலையும் விட்டுவிடாதீர்கள். குறைபாடு தென்பட்டால் இத்தனை காலத்துக்குள் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கலாம். அந்தக் காலம் முடிவதற்குள் நீங்கள் கேட்டுவிட வேண்டும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். மனு எழுதும் முன் ரோட்டோரத்தில் இருக்கும் பணி விவரப் பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை அதில் இருந்தால் மனுவில் அப்படியே எழுதலாம். எந்த வேலை என்று புரியவில்லை என்ற பதிலுக்கு அப்போது இடம் இருக்காது.

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர் எடுங்கள், அங்கே வில்லை செல்லாது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்குச் சான்று வைத்தால் எதுவுமே கட்ட வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவது பொதுத் தகவல் அலுவலரின், அதாவது அந்த அலுவலகத்தில் இந்த மனுக்களுக்குப் பதில் சொல்லும் அதிகாரியின் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கக் கூடாது, பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டாலும் பயமில்லை, 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் தபாலில் அனுப்பும்போது ஒப்புகை கிடைக்கும் விதத்தில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். அந்தத் தேதிதான் பிறகு உங்களுக்கு ஆதாரம்.

நாள் கணக்கு இப்படி. மனு போய்ச் சேர்ந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். 30 நாளுக்குள் எதுவும் வரவில்லை என்றால் சட்டம் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது, நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போகலாம். கெடு தாண்டிக் கொடுத்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. 29ஆவது நாளில் 'இத்தனை ரூபாய் கட்டவும்' என்று கடிதம் வரும், அதற்குக் கோபப்பட வேண்டாம். கட்டணம் கேட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது, அதனால் சீக்கிரம் கட்டிவிடுவது உங்களுக்குத்தான் நல்லது.

முதல் மேல்முறையீடு அதே அலுவலக அமைப்பில் மேலே இருக்கும் அதிகாரிக்கு. பதில் கையில் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் கிடையாது. யாருக்குப் போடுவது என்று தேட வேண்டியதில்லை. மறுத்துப் பதில் அனுப்பினால் அதற்கான காரணம், மேல்முறையீட்டுக் கெடு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றையும் எழுத வேண்டும் என்று பிரிவு 7(8) சொல்கிறது. உங்களுக்கு வந்த ஒரு வரிப் பதிலில் இவை இல்லையென்றால், அதையே மேல்முறையீட்டில் முதல் குறையாக எழுதுங்கள். அவர் 30 நாளில், கூடிப்போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு பொதுத் தகவல் அலுவலருடையது, உங்களுடையது இல்லை. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தார் என்று ஆணையம் கண்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் அவர்மேல் தனிப்பட்ட முறையில் விழும்.

ஆணையத்தில் மட்டும் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டாம் மேல்முறையீட்டை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடக்கணக்கிலும் ஆகும். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான். முதல் மனுவையே காகிதம் கேட்கும் மனுவாக எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம். நன்றாக எழுதிய மனு பெரும்பாலும் ஆணையம் வரை போக வேண்டியிருப்பதில்லை.

இன்னும் இரண்டு மூன்று பதில் வரக்கூடும், தயாராக இருங்கள். 'மூன்றாம் நபர் தகவல்' என்பார்கள், ஒப்பந்ததாரரைக் காட்டி. பிரிவு 11 மூன்றாம் நபரிடம் கருத்துக் கேட்கச் சொல்கிறது, அவர் வேண்டாம் என்றால் மறுத்துவிடு என்று சொல்லவில்லை. பொதுப்பணத்தில் நடந்து முடிந்த வேலையின் அளவும் பில்லும் அவருடைய வியாபார ரகசியம் ஆகாது. 'கோப்பு காணவில்லை' என்பார்கள். காணாமல் போவது பிரிவு 8இல் ஒரு விலக்கு இல்லை. நன்றாகத் தேட வேண்டும், தொலைந்ததற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. அந்த விசாரணையின் நகலையே அடுத்த மனுவில் கேளுங்கள்.

மூன்றாவது, 'தனிநபர் தகவல்'. இது இனிமேல் அதிகம் வரும். பிரிவு 8(1)(ஜே) முன்பு, பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத அந்தரங்கத் தகவலை மட்டும் காப்பாற்றியது. அங்கேயும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை ஒரு குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற அருமையான வரியும் அதோடு இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டு 'தனிநபர் தகவல்' என்று மொட்டையாக வைத்துவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காகவே அதை மறைக்க இது வழி திறக்கிறது, எனக்கு இதில் கடுமையான வருத்தம் உண்டு. ஆனாலும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன் கெடுதலைவிடப் பெரிது என்றால் விலக்கு பெற்ற தகவலையும் கொடுக்கலாம் என்கிறது அது. இனி உங்கள் மனுவிலேயே 'பொதுநிதியில் நடந்த பணி, பிரிவு 8(2)இன்படி பொதுநலன் கருதி வழங்கவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெயர்கள் வெளியே வருவது ஏன் முக்கியம் என்பதற்கு இந்தச் சட்டம் பிறந்த கதையே சாட்சி. ராஜஸ்தானில் 1990இல் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தொடங்கியது. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுப் போன அருணா ராயும் கிராமத்து உழைப்பாளிகளும் சேர்ந்து தொடங்கியது. வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். சரி, பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், ரகசியம் என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, எப்படியோ கிடைத்த வருகைப் பதிவேட்டை உரக்க வாசித்தார்கள். இப்படி நடந்த கூட்டங்களில் செத்துப்போனவர்கள் பெயரிலும் ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது ஊர் முன்னால் தெரிந்தது. 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் முழக்கம். பெயர் இல்லாத பதிவேட்டை வாசித்திருந்தால் அந்தக் கூட்டங்களில் எதுவும் தெரிந்திருக்காது.

இந்தியாவில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு, 1997இல். ஆனால் விலக்குகள் ஏராளம், மறுத்தால் தண்டனை கிடையாது, அதனால் அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் இன்று நம் கையில் இருப்பது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குஜராத்தில் கிர் காட்டைச் சுற்றி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் ஊர் ரோட்டு விஷயம் அவ்வளவு தூரம் போகாமல் இருக்கலாம். ஆனாலும் ஒப்பந்ததாரர் உங்கள் தெருக்காரராக இருந்தால் தனியாக நிற்காதீர்கள். நான்கைந்து பேர் தனித்தனியாக ஒரே மனுவைப் போடுங்கள். வீட்டு முகவரி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் தபால் பெட்டி எண் கொடுக்கலாம், கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காகிதம் கையில் வந்ததும் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குத்தான் ஓட வேண்டும் என்று இல்லை. முதலில் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. எம்.புக் பக்கத்தை எழுந்து நின்று வாசியுங்கள், ரோட்டை அளக்கக் கூப்பிடுங்கள், தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் முன்னால் சொன்ன அந்த ஊரில் அப்படித்தான் செய்தார்கள். ரோட்டை முழுவதும் பெயர்த்துத் திரும்பப் போட்டார்கள் என்று சொல்லத்தான் ஆசை, அது நடக்கவில்லை. ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையை விடுவிக்காமல் நிறுத்தினார்கள். அடுத்த தெருவுக்கு ரோடு போட வந்தபோது, காலையிலிருந்து அந்தக் கொத்தனாரும் இரண்டு பெண்களும் டேப்போடு நின்றார்கள். கலவை கொட்டும் முன் பக்கப் பலகையின் உயரத்தை அளந்து பார்த்தார்கள். 15 சென்டிமீட்டர் இருந்தது.

நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வரிப் பதில் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மேலே தபால் முத்திரையில் தேதி இருக்கும், மேல்முறையீட்டுக்கான 30 நாளுக்கு அதுதான் ஆதாரம். கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துவிட்டு, இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.